சாட்ஸ்வொர்த்தில் டெட்ராய்ட் பீட்சா

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் டேக்அவே என்றால், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சாவ்தான் முதலில் நினைவுக்கு வரும். இப்போது சாட்ஸ்வொர்த்தின் குரோஃப்ட்டீன் பகுதியில் ஒரு சின்னக் கடையில் டெட்ராய்ட் பீட்சா போடுகிறார்கள். உட்கார இடமில்லை, ஜன்னலில் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வட்டமாக இருக்காது, நான்கு மூலை உண்டு. 1946-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் படீஸ் (Buddy's) என்ற இடத்தில் தொடங்கிய வகை இது. கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகம் போட்டுவைக்கும் எஃகுத் தட்டுகளிலேயே சுட்டார்களாம். சீஸைத் தட்டின் ஓரம் வரை பரப்புவதால், அது விளிம்பில் வழிந்து, கருஞ்சிவப்பாக முறுகி ஒட்டிக்கொள்கிறது. தக்காளி சாஸ் சீஸுக்கு மேலே. அங்கே போடுவது விஸ்கான்சின் மாநிலத்து பிரிக் என்ற வகை சீஸ். இங்கே கடை அக்கா மொஸரெல்லாவோடு செடார் கலக்கிறார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"மூலைத் துண்டு வேணுமா தம்பி?" என்றார். இரண்டு பக்கமும் முறுகல் உள்ள துண்டு. வேண்டாம் என்பேனா?

தடிமனாக இருந்தாலும் உள்ளே மெத்தென்று இருக்கிறது. ஒன்று மட்டும்: பெட்டியை மூடியே வைக்காதீர்கள், ஆவியில் ஓரம் நமுத்துவிடும். அம்மா பச்சை மிளகாய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். அப்புறம், வரும் சனிக்கிழமைக்கும் சொல்லிவைக்கச் சொன்னார்.