மயிலுக்கு எப்போதும் தோகை இருக்காது

காட்டு விலங்குகளை வைத்துப் பருவங்களைச் சொல்லும் படப்புத்தகம் செய்கிறீர்களா? தயவுசெய்து பனிமனிதனில் தொடங்காதீர்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என நமக்குப் பொழுதுகள் ஆறு. 32 பக்கத்தில் பொழுதுக்கு 4 வீதம் 24 போனால், தலைப்புக்கும் முகப்புக்கும் 8 மிஞ்சும்.

அதிகம் தவறுவது மயிலில்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயிலின் தோகை உதிர்ந்துவிடும், திரும்ப வளர மாதக்கணக்காகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களான கூதிர்ப் பக்கத்தில் முழுத்தோகை விரித்து ஆடவிடாதீர்கள். பின்பனி என்றதும் குளிரை வரையாதீர்கள். மாசி, பங்குனியில் முதுமலைத் தேக்கு இலையுதிர்த்து நிற்கும். வறண்ட ஆற்று மணலை யானை காலாலும் துதிக்கையாலும் தோண்டி, ஊறும் நீரை உறிஞ்சும். எவ்வளவு அழகான பக்கம் அது!

விலங்கின் முகம் மட்டும் நடுமடிப்பில் விழவே கூடாது. தைத்தபின் கண் உள்ளே போய்விடும்.