கட்டையில் ஊறிய எண்ணெய் ஒருவழியாக வெளியே வந்தது

தாத்தா காலத்து 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கியின் மரக்கட்டை, தலைப்பகுதியில் எண்ணெய்க் கறுப்பு போய் வெளுத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். துப்பாக்கி பர்மிங்காம் தயாரிப்பு. குழலின் அடியில் கிரீடத்தோடு 'என்பி' முத்திரை, அதாவது நைட்ரோ வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளம், இருக்கிறது; அதனால் அந்தச் சோதனை 1904-க்கு முந்தியது இல்லை. லைசென்ஸ் இப்போது என் பேரில். இரும்பு வேலைக்கு லைசென்ஸ் உள்ள பட்டறைதான். மர வேலை மட்டும் நான்.

ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் பள்ளங்களை எழுப்புவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் உயிரை எடுத்தது, ஆக்‌ஷன் (சுடும் பொறி உள்ள இரும்புப் பகுதி) வந்து உட்காரும் அந்த இரண்டு அங்குலம். குழல் வாய் மேலே இருக்கும்படி அலமாரியில் சாத்தியே வைத்திருந்த துப்பாக்கி இது. இரும்புக்குப் போட்ட எண்ணெயெல்லாம் வருஷக்கணக்கில் கீழே இறங்கி வால்நட் மரத்தில் ஊறிவிட்டது. மரம் கன்னங்கரேல் என்று இருந்தது; நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. இப்படி ஊறிய கட்டை சுடும்போது வரும் உதைப்பைத் தாங்காது, விரிசல் விடும். மேலே எந்தப் பாலிஷும் சரியாகக் காயாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமே என்பார்கள். அந்த இடத்தில் கூடவே கூடாது. மரமும் இரும்பும் மயிரிழை விடாமல் பொருந்த வேண்டிய இடம் அது. எண்ணெயை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

மரத்தில் ஓட்டை அடைக்கும் மக்குக்கு ஆசாரிகள் கலக்கும் சாக் பவுடரை அசிட்டோனில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து அப்பி, மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும். ஆவியாகும்போது மேலே இழுத்துக்கொண்டு வரும். பவுடர் அதைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையாகப் பூசியது காயும்போது பழுப்பாகிவிடும். பழைய பல் பிரஷால் உதிர்த்துவிட்டு மறுபடியும் அப்ப வேண்டும். பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. பொறுமை இருந்தால் பலன் நிச்சயம். கடைசியில் பூச்சு வெள்ளையாகவே உதிர்ந்தது. அடியில் தேன் நிறத்தில் ரேகை ஓடுகிறது!

குழல் விஷயம்தான் இழுக்கிறது. ஒரு பட்டறையில் சூடான காஸ்டிக் தொட்டியில் முக்கிக் கறுப்பாக்கித் தருகிறோம் என்றார்கள். இரண்டு குழலையும் அவற்றுக்கு நடுவே ஓடும் பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப் பற்று. காஸ்டிக் அதைத் தின்றுவிடும். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பழைய துப்பாக்கியைத் தொடுகிறார்களே என்று கோபம்தான் வந்தது. துருவேற்றி, கொதிநீரில் போட்டு, சிவப்புத் துரு கறுப்பானதும் ஸ்டீல் வுல்லால் துடைக்கும் பழைய முறைதான் இதற்குச் சரி. அது தெரிந்தவர் கிடைக்கும்வரை குழல் காத்திருக்கட்டும்.

அப்புறம், நிறம். இங்கிலாந்துப் பட்டறைகளில் ஆல்கனெட் செடியின் வேரை லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் ஊறவைத்துச் சிவப்பாக்குவார்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சிவக்க வைக்கும் நம்ம வேம்பாளம்பட்டை இருக்கும்போது வேறு வேர் எதற்கு? நாட்டு மருந்துக் கடையில் வாங்கி ஒரு பாட்டில் லின்சீடில் போட்டிருக்கிறேன். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

எண்ணெய் ஏற்றும் முன் கை வழுக்காமலிருக்கக் கைப்பிடியில் செதுக்கிய கட்டங்களில் அடைத்திருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 கோடு, அவ்வளவு நெருக்கம். அதற்கு நுனி வளைந்த முக்கோண ஊசி அரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.