முதலில் காற்று, அப்புறம் கன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. இரும்புக் கேட் ஒன்றுக்குக் கடைசிக் கோட் அடித்து முடித்து, பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தோட்டம் என்று சொல்கிறேனே தவிர, ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் பாதி இப்போது தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகள். ஆனாலும் எங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்தத் தோட்டம்?" என்றுதான் முதலில் விசாரிப்போம்.

ஈப்போவில் ஒரு காடி (கார்) பட்டறையில் மூன்று வருடம் ஸ்பிரே வேலை பார்த்தவன் அவன். கை சுத்தம். இப்போது சொந்தமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கிரில், கேட், சமையலறை அலமாரி என்று எடுத்துச் செய்யப் போகிறானாம். கைத்தொலைபேசியை நீட்டினான். ஜெர்மன் கன் ஒன்றின் படம். விலை ஆயிரத்து எழுநூறு வெள்ளி (ரிங்கிட்).

"அண்ணே, இத வாங்கலாமா?"

"நல்ல கன்தான். கம்ப்ரசர் என்ன வச்சிருக்கே?"

"வீட்டுல ரெண்டு எச்.பி. ஒண்ணு கெடக்குண்ணே. மோட்டார் டயருக்குக் காத்தடிக்கிறது."

கையிலிருந்த கன்னைக் கீழே வைத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னேன். கையில் மொத்தம் ஐயாயிரம் வெள்ளி வைத்திருந்தான். அம்மா கூட்டு (சீட்டு) கட்டி எடுத்த பணம். அதைத் தப்பான இடத்தில் போட விடக்கூடாது என்று இராத்திரி பத்து மணி வரை பேசினேன். அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் தீபாவளி நெருங்கும்போதெல்லாம் இதே கேள்வியோடு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள்.

2009இல் எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆசிரியை வீட்டுச் சமையலறைக்கு மெராந்திப் பலகையில் 14 கதவுகள். நவம்பர் மாதம், அடைமழை. என்னிடமும் அப்போது அவன் வைத்திருப்பது போலவே 24 லிட்டர் தொட்டி வைத்த சிறிய கம்ப்ரசர்தான். முதல் மூன்று கதவு கண்ணாடி மாதிரி வந்தது. நான்காவது கதவில் கை அதேதான், தூரம் அதேதான், ஆனால் லேக்கர் என்னும் பளபளப்புப் பூச்சு பொடிப்பொடியாக விழவில்லை. சின்னச் சின்ன உருண்டையாக விழுந்து, காய்ந்ததும் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஆறாவது கதவில் கன் ஒரு முறை 'ப்ச்' என்று துப்பியது. குனிந்து பார்த்தேன். ஈரமாக இருந்த லேக்கரின் நடுவே மிளகு அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பொட்டு, அதைச் சுற்றிக் கஞ்சி படிந்தது போல வெள்ளை வளையம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம் மெல்ல விரிந்தது. பதினொரு கதவுகளையும் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க ஐந்து நாள் பிடித்தது. கன்னில்தான் கோளாறு என்று நினைத்து மறு வாரமே புதுக் கன் வாங்கினேன். அந்தக் கன்னும் துப்பியது.

கோளாறு காற்றில். இது எனக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

கம்ப்ரசர் டப்பாவில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பக்கூடாது. அது பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்று. வெளியே நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பெரும்பாலும் ஒரு எச்.பி.க்கு நிமிடத்துக்கு 100 லிட்டர் கிடைத்தால் நல்ல மெஷின். நாமே அளந்து பார்க்கலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெளியே போகும் வால்வை அடைத்துவிட்டு மெஷினை ஓடவிடுங்கள். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் 4 பாரைத் தொட்டதும் நேரம் பிடியுங்கள், 8 பார் வந்ததும் நிறுத்துங்கள். தொட்டி லிட்டரை ஏறிய பாரால் பெருக்கி, எடுத்துக்கொண்ட நிமிடத்தால் வகுத்தால் உண்மைக் காற்று தெரிந்துவிடும். அந்தத் தம்பி தன் கம்ப்ரசரை அன்றிரவே அளந்து செய்தி அனுப்பினான்: 24 லிட்டர் தொட்டி, 4 பார் ஏற 45 வினாடி. ஆக நிமிடத்துக்கு 128 லிட்டர். அவன் வாங்க நினைத்த மாதிரி எச்.வி.எல்.பி. கன்னோ நிமிடத்துக்கு 300, 400 லிட்டர் கேட்கும் இனம். பெரிய குடும்பத்துக்கு ஆழாக்கு அரிசியில் உலை வைப்பது போலத்தான் அது.

எச்.வி.எல்.பி. என்பது நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும் முறை. கன் முனையில் இருக்கும் காற்று மூடியின் வாயில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது என்பதுதான் அதற்கு இலக்கணம். 1980களில் தென் கலிபோர்னியாவில் காற்று மாசுச் சட்டம் இறுகியபோது பரவிய சரக்கு. பெயின்டில் குறைந்தது 65 விழுக்காடு பொருள்மேல் ஒட்ட வேண்டும் என்பது அங்கே வைத்த அளவு. பழைய பாணி கன்னில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரிது, மீதி புகையாகப் பறந்துவிடும். பெயின்ட் மிச்சமாகிறது, கொட்டகையில் மூட்டம் குறைகிறது, எல்லாம் சரி. ஆனால் காற்று இல்லாதவன் கையில் அந்தக் கன் எச்சில்தான் துப்பும். இரண்டுக்கும் நடுவில், குறைந்த காற்றில் நடுத்தர அழுத்தத்தில் ஓடும் கன்கள் இருக்கின்றன. வீட்டு மின்சாரத்தில் ஓட்டுகிறவனுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வீட்டு லைன் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். அதில் பெல்ட் போட்ட 3 எச்.பி. கம்ப்ரசர் ஓட்டலாம், அதற்கு மேல் போனால் ஸ்டார்ட் ஆகும்போதே பிரேக்கர் விழும். த்ரீ ஃபேஸ் இழுப்பது தனிச் செலவு, தொழில் பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொட்டி 100 லிட்டருக்குக் குறையக்கூடாது. எண்ணெய் இல்லாமல் ஓடும் சின்ன மெஷின் தூக்கிப்போக வசதிதான், ஆனால் நாள் முழுக்க ஸ்பிரே வேலைக்குத் தாங்காது.

அடுத்தது தண்ணீர். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

நம் ஊர்க் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் நீராவி இருக்கிறது. நிமிடத்துக்கு 300 லிட்டர் இழுக்கிற மெஷின் ஒரு மணி நேரத்தில் 18 கன மீட்டர் இழுக்கும். அதாவது 450 கிராம் தண்ணீர். காற்றை அழுத்தி ஆறவிட்டதும் இதில் பெரும்பங்கு இறங்கிவிடும். தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் தினமும் திறந்துவிட்டுப் பாருங்கள், துருக் கலந்து டீத்தண்ணி மாதிரி ஓடும். நான் காலையில் கடவுள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அடுத்த வேலையாக அதைத்தான் செய்கிறேன்.

ஆனால் பாதிப் பேர் செய்யும் தப்பு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுவது. அங்கே காற்று சுடச்சுட வருகிறது. நீராவி ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறித் தண்ணீராகி, கன் வழியாக வேலையின்மேல் விழும். காற்று முதலில் ஆற வேண்டும். என் பட்டறையில் சுவரோரமாக எட்டு மீட்டர் இரும்புக் குழாய் ஓட்டியிருக்கிறேன், கம்ப்ரசர் பக்கம் லேசாகச் சரிந்த மாதிரி. கன்னுக்குப் போகும் கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து வளைத்து எடுத்திருக்கிறேன். தண்ணீர் அடியிலேயே தங்கிவிடும். அந்தக் கிளையின் முடிவில்தான் ஃபில்டர். குழாய்க்கு ஆன செலவு முந்நூறு வெள்ளிகூட இல்லை. மலிவு என்று பி.வி.சி. குழாய் போடாதீர்கள், அழுத்தத்தில் வெடித்தால் துண்டு துண்டாகக் கத்தி மாதிரி பறக்கும்.

ஹோஸையும் யாரும் கவனிப்பதில்லை. கால் அங்குல ஹோஸ் பத்து மீட்டர் போட்டால், சுவரில் மீட்டர் காட்டுவது ஒன்று, கன்னுக்கு வருவது வேறு. உள்துளை முக்கால் விரல் தடிமனுக்காவது, அதாவது 10 மில்லிமீட்டர், இருக்கட்டும். கன்னின் பிடியில் ஒரு சின்ன மீட்டர் மாட்டி, ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடி அழுத்தத்தைப் படியுங்கள். விட்ட நிலையில் படித்தால் அது கணக்கே இல்லை.

சரி, கன்னுக்கு வருவோம்.

என்ன அடிக்கப் போகிறோம் என்பதுதான் நாசிலை, அதாவது பெயின்ட் வெளிவரும் துளையை, முடிவு செய்கிறது. காடிக்கு மேல்பூச்சாக அடிக்கும் கிளியர், மெல்லிய லேக்கர் என்றால் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். அடிப்பூச்சான பிரைமருக்கு 1.6 முதல் 1.8. அதைவிடக் கெட்டியான ஃபில்லருக்கு 2.0க்கு மேல். ஒரே கன்னில் நாசில் மாற்றி மாற்றி எல்லாம் செய்யலாம் என்று கடைக்காரர் சொல்வார். செய்யலாம்தான். ஆனால் பிரைமர் ஓடிய கன்னில் கிளியர் அடிக்கும்போது எங்கோ ஒட்டியிருந்த ஒரு பொடி வந்து நடுக்கதவில் உட்காரும். இரண்டு நடுத்தரக் கன்கள் ஒரு உயர்ந்த கன்னைவிட மேல்.

என் கையில் பதினைந்து வருடமாக இருப்பது ஜப்பானின் இவாத்தா டபிள்யூ-71. ஊசி, நாசில், பேக்கிங் எல்லாம் ஈப்போவில் கிடைக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். உதிரிப் பாகத்துக்கு இரண்டு வாரம் காத்திருக்க வைக்கும் கன் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை. இந்த கன்னுக்கு அச்சு அசலாகப் போலிகளும் சந்தையில் சுற்றுகின்றன, பாதி விலையில். வாங்கும் கடையில் தின்னரை ஊற்றி ஒரு பழைய நாளிதழில் அடித்துப் பாருங்கள். கன் தெளிக்கும் விசிறி நீள்வட்டமாக, இரு முனையும் சமமாக விழ வேண்டும். ஒரு பக்கம் கனமாக விழுந்தால் காற்று மூடியை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். கனமும் பக்கம் மாறினால் மூடியில் அழுக்கு அல்லது அடி, மாறாவிட்டால் நாசிலில்.

கிரில் வேலைக்கு விசிறியைச் சுருக்கிவிட வேண்டும். கம்பி அரை அங்குலம், விசிறி எட்டு அங்குலம் என்றால் பெயின்டை நேரே வயல்காட்டுக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம். மழை நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் பால் மாதிரி வெளுத்தால் கன்னைக் குறை சொல்லாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது. மெதுவாகக் காயும் தின்னரைக் கலந்தால் தீரும், இல்லாவிட்டால் மழை விடும் வரை பொறுங்கள்.

வீட்டுச் சுவர், கொட்டகைக் கூரை என்று பெரிய இடம் எடுப்பவர்களுக்கு ஏர்லெஸ் வேண்டும். காற்றே இல்லை, பம்ப் பெயின்டையே 3,000 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தி வெளியே தள்ளும். அதன் முனையான டிப்பில் 517 என்று போட்டிருந்தால் 5ஐ இரண்டால் பெருக்க வேண்டும்: ஓர் அடி தூரத்தில் பத்து அங்குல விசிறி. 17 என்பது துளை, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. ஒன்றே ஒன்று: அந்த டிப்பின் முன்னால் விரலைக் கொண்டுபோகாதீர்கள். தோலுக்குள் பெயின்ட் ஏறினால் வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். பெயின்ட் டின்னையும் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்தத் தம்பியின் பட்டியலில் முகமூடி இல்லை. கேட்டதற்குத் துணி மாஸ்க் இருக்கிறது என்றான். கோபம் வந்துவிட்டது எனக்கு. என்னைத் தொழிலில் வளர்த்த தவுக்கே (முதலாளி) முப்பது வருடம் வாயில் துண்டு கட்டியே டூ-கே பெயின்ட், அதாவது இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பெயின்ட், அடித்தவர். கடைசி வருடங்களில் கடையிலிருந்து மாடிப்படி ஏற அவருக்கு இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நெஞ்சில் ஏறி ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு முறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். துணி, காகிதம் எதுவும் அதை நிறுத்தாது. கரி கேட்ரிட்ஜ் வைத்த அரைமுக முகமூடி என்பது அடிமட்டத் தேவை. நாள் முழுக்க டூ-கே அடிப்பவருக்குத் தனிக் குழாயில் நல்ல காற்று வரும் முகமூடிதான் சரி. வேலையிடத்து இரசாயனங்களுக்காக 2000ஆம் ஆண்டு விதிமுறைகளே நம் நாட்டில் இருக்கின்றன. அமெரிக்காவின் டொலீடோ நகரில் 1888இல் டெவில்பிஸ் என்ற டாக்டர் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் செய்த கருவியை வைத்துத்தான் அவர் மகன் 1907இல் பெயின்ட் கன் செய்தார். தொண்டைக்கு மருந்தாக வந்த கருவி நம் பிள்ளைகளின் தொண்டையைக் கெடுக்கக்கூடாது.

போன ஞாயிறு அவன் மறுபடி வந்தான். 3 எச்.பி. பெல்ட் கம்ப்ரசர் வாங்கிவிட்டானாம், 100 லிட்டர் தொட்டி. கடையிலேயே கைத்தொலைபேசியில் நேரம் பிடித்து அளந்திருக்கிறான்: 4 பாரிலிருந்து 8 பாருக்கு ஒரு நிமிடம் 25 வினாடி. நிமிடத்துக்கு 280 லிட்டருக்கு மேல். இரும்புக் குழாய், 10 மில்லிமீட்டர் ஹோஸ், ஃபில்டர், இரண்டு ஜோடி கேட்ரிட்ஜோடு முகமூடி எல்லாம் வாங்கியும் கையில் அறுநூறு வெள்ளிக்கு மேல் மிச்சம். கன் தீபாவளி வேலை முடிந்து வாங்கிக்கொள்கிறேன் அண்ணே என்றான். அலமாரியிலிருந்து என்னுடைய பழைய 1.3 கன்னை எடுத்து, புதுப் பேக்கிங் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு அவன் அத்தை வீட்டுக் கிரில்லை அடிக்கப் போகிறான். காலை எட்டு மணிக்கெல்லாம் போய் நானும் நிற்கலாம் என்றிருக்கிறேன், மழை வராமல் இருக்க வேண்டும்.