டி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கும் முன்: கோவை நாட்குறிப்பு

மே 10, 2025, சனி

இந்தியா-பாகிஸ்தான் சண்டை நிறுத்தம் என்று சாயங்காலம் செய்தி வந்தது. என் மனசு நேற்று வந்த இன்னொரு செய்தியிலேயே இருக்கிறது. பிராந்திய ராணுவத்தின் (டெரிடோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ.) அதிகாரிகளையும் வீரர்களையும் தேவைப்பட்டால் பணிக்கு அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ களமிறக்கலாம் என்கிறது அந்த உத்தரவு. 2028 பிப்ரவரி வரை செல்லும்.

டி.ஏ.வில் சேர வேண்டும் என்பது எனக்குப் பழைய ஆசை. கோவை ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் டி.ஏ.வின் 110-வது பட்டாலியனின் வாசலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். நேற்றுவரை அது ஆசை மட்டும்தான். கூப்பிட்டால் போகவேண்டியிருக்கும் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்த பிறகும் அந்த ஆசை குறையவில்லை. அதனால் இனி யோசிக்க வேண்டியது சேரலாமா என்பதை அல்ல, நான் தரக்கட்டுப்பாடு பார்க்கும் பம்பு கம்பெனியில் எப்படிச் சொல்வது என்பதைத்தான்.

மே 12, திங்கள்

அதிகாரிகளுக்கான விண்ணப்பம் இன்று திறந்துவிட்டது. ஜூன் 10 கடைசி நாள், ஜூலை 20 எழுத்துத் தேர்வு. நாடு முழுக்க 19 இடங்கள்: ஆண்களுக்கு 18, பெண்களுக்கு ஒன்று. வயது 18-லிருந்து 42-க்குள் இருக்கணும், பட்டம் வேணும், கூடவே ஒரு வேலையோ தொழிலோ கையில் இருக்கணும். சொந்த வருமானம் உள்ள குடிமகன், வேலையை விடாமலே சிப்பாயாகவும் இருப்பதுதான் இந்தப் படையின் அடிப்படை. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி இதைத் தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி.

வேலை இருந்தால்தான் சேர முடியும் என்றால், வேலை கொடுப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. அவரிடம் மறைத்துச் செய்வதற்கு இல்லை.

நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். எழுத்துத் தேர்வு, முதல்கட்ட நேர்காணல், எஸ்.எஸ்.பி. (ராணுவத் தேர்வு வாரியத்தின் தேர்வு), மருத்துவப் பரிசோதனை, இவ்வளவையும் தாண்டினால் அப்போது சொல்லிக்கொள்ளலாம், இப்பவே சொன்னால் இன்கிரிமென்ட்தான் போகும் என்று. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எஸ்.எஸ்.பி.க்கே நாலைந்து நாள் லீவு வேண்டும். அதற்குப் பொய்க் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னாடி அதே மனிதர்களிடம் "என்னை நம்பி வருஷா வருஷம் அனுப்புங்க" என்று நான் எந்த முகத்தோடு நிற்பது?

மே 15, வியாழன்

ராத்திரி உட்கார்ந்து 1948-ஆம் வருட டி.ஏ. சட்டத்தைப் படித்தேன். பிரிவு 7-ஏ தான் எங்களைப் போன்றவர்களுக்கானது. ராணுவப் பணிக்காக அழைக்கப்பட்டுப் போன ஊழியரைத் திரும்பி வந்ததும் பழைய வேலையில், முன்பைவிடக் குறையாத நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. இந்தக் கடமையிலிருந்து தப்பிக்கவே முன்கூட்டி வேலையை விட்டு அனுப்பினாலும் செல்லாது. அடுத்த பிரிவு 7-பி, பி.எஃப். போன்றவற்றில் உள்ள உரிமைகளைக் காப்பாற்றுகிறது.

படிக்கப் படிக்கத் தெம்பு வந்தது. பிறகு இழப்பீட்டுப் பகுதிக்கு வந்தேன். சேர்த்துக்கொள்ளாத முதலாளி கொடுக்க வேண்டியது அதிகபட்சம் ஆறு மாதச் சம்பளம். வீட்டுக்கடன் கட்டுபவனுக்கு ஆறு மாதம் என்ன காலம்? சட்டம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அதை மேசைமேல் தூக்கிப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கக் கூடாது என்று தீர்மானித்தேன்.

கணக்கையும் முழுசாக எழுதிக்கொண்டேன். டி.ஏ. என்றால் எல்லோரும் "வருஷத்துக்கு ரெண்டு மாசம்" என்பார்கள். அது பாதி உண்மைதான். முதல் வருடம் அடிப்படைப் பயிற்சி ஒரு மாதம், அதோடு வருடாந்திர முகாம் இரண்டு மாதம். முதல் இரண்டு வருடத்துக்குள் சென்னை ஓ.டி.ஏ.வில் (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) இன்னும் மூன்று மாதம். அதன் பிறகுதான் அந்த இரண்டு மாதக் கணக்கு. அதுவும் யாரும் அவசரமாக அழைக்காத வருடங்களில் மட்டும். ரெண்டு மாசம் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மே 19, திங்கள்

எச்.ஆர். மேடத்திடம் சொன்னேன். "பாஸ் ஆகட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாமே" என்றார் அவரும். கணக்கு எழுதிய தாளை எடுத்துக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கவலை வேறு: இதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நீண்ட லீவு கேட்டால் எந்த விதியைக் காட்டி மறுப்பது? நியாயமான கேள்வி. இது தனிப்பட்ட காரணத்துக்கான லீவு அல்ல, ஒரு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது, அதனால் தனி வகையாகவே எழுதலாம் என்றேன். முதலாளியிடம் நானே நேரில் சொல்வதாகவும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 22, வியாழன்

முதலாளி அறையில் வெகுநேரம்.

"டி.ஏ.ன்னா நம்ம தோனி இருக்காரே, அதுங்களா தம்பி?"

ஆமாம் சார், அதே படைதான், ஆனால் அவருடையது 2011-இல் கொடுத்த கௌரவப் பதவி. நான் போனால் லெப்டினன்ட்டாகத் தொடங்கி முழுப் பயிற்சியும் எடுக்க வேண்டும் என்றேன். பயிற்சியிலும் பணியிலும் இருக்கும் நாட்களுக்கு ராணுவமே சம்பளம் தரும், கம்பெனி தர வேண்டியதில்லை என்பதையும் சொன்னேன். சம்பளத்தை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"ஐ.எஸ்.ஐ.க்கு யாருங்க?" என்றார்.

அதுதான் உண்மையான பிரச்சினை. எங்கள் நீர்மூழ்கி பம்புகளுக்கு ஐ.எஸ். 8034 தரத்துக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை. அதைத் தரும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அதிகாரி சொல்லாமல்தான் வருவார். வரும் நேரத்தில் டெஸ்ட் பெஞ்சில் பம்பை ஓட்டி, ஹெட்டும் (நீரேற்றும் உயரம்) டிஸ்சார்ஜும் (வெளிவரும் நீரின் அளவு) எடுத்துக் காட்டி, ரெஜிஸ்டர்களைத் திறந்து வைக்கப் பொறுப்பான ஆள் வேண்டும். இன்றைக்கு அந்த ஆள் நான் ஒருவன்தான். என் பிரிவில் இரண்டு வருடமாக இருக்கும் டிப்ளமா படித்த பெண்ணை இப்போதிருந்தே தயார் செய்கிறேன், தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளராக அவர் பெயரையும் பி.ஐ.எஸ்.ஸுக்குத் தெரிவித்துவிடலாம் என்றேன். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் கம்பெனிக்கு இது தேவைதான். அவர் தலையாட்டினார்.

"சீசன்ல மட்டும் போயிடாதீங்க. தையிலிருந்து வைகாசி வரைக்கும் நம்மால தாங்க முடியாது."

"முகாம் தேதி யூனிட் சொல்றதுங்க சார். கேட்டுப் பார்க்கலாம். வாக்குக் கொடுக்க என்னால முடியாதுங்க."

"சண்டை வந்துட்டா?"

"உடனே போகணுங்க."

"எப்பங்க தம்பி திரும்பி வருவீங்க?"

தெரியாது என்று சொன்னேன். 1962, 65, 71 போர்களிலும் இலங்கையிலும் இந்தப் படை பணியாற்றியிருக்கிறது. அங்கெல்லாம் போனவர்கள் தேதி குறித்துவிட்டுப் போகவில்லை. இந்த ஒரு பதிலை நயமாகச் சொல்ல வழியே இல்லை. வேறு மாதிரி சொன்னால் அது ஏமாற்று.

அனுமதிக் கடிதம் தருகிறேன் என்றார். எழுந்து கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: புது யூனிட்டுக்கு என்னைத்தான் பிளான்ட் ஹெட்டாக நினைத்திருந்தார், இனி வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும். வலிக்கத்தான் செய்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மே 27, செவ்வாய்

மழை முன்னாடியே பிடித்துக்கொண்டது. ஆர்டர் குறைந்து, டெஸ்ட் பேயில் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கிறது. அந்தப் பெண் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார். வைண்டிங் செக்‌ஷன் அண்ணன் மட்டும் "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு எதுக்குங்க சார்?" என்று கேட்டார். வீட்டில் அவள் சம்மதித்தது எப்படி என்று சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 4, புதன்

கடித வரைவு வந்தது. "விடுப்பு" என்ற சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டிருந்தேன். வெறுமனே "வராத நாட்கள்" என்று பதிவானால் நாளைக்குப் பணிக்கொடைக் கணக்கில் சேவை தொடர்ச்சியானதா என்று யாராவது கேட்கலாம். அனுமதித்த விடுப்பு என்றால் தொடர்ச்சி அறுபடாது. மேடம் அப்படியே எழுதியிருக்கிறார். டி.ஏ.வுக்குப் போக நினைக்கும் தனியார் கம்பெனிக்காரர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் கடைசியில் ஒரு வரி: "நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து இந்த அனுமதி அமையும்." அந்த வரி இருந்தால், முகாமுக்கு உத்தரவு வரும்போது போகலாமா என்று நான் மறுபடியும் கேட்டு நிற்க வேண்டும். ராணுவ உத்தரவு அப்படிக் காத்திருக்காது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். வக்கீலிடம் கேட்க வேண்டும் என்றார்.

ஜூன் 9, திங்கள்

விண்ணப்பம் அனுப்பியாயிற்று, கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி. கட்டணம் 500 ரூபாய். வேலை விவரம் கேட்ட இடத்தில் கம்பெனி பெயரை எழுதும்போது கை தயங்கவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

வக்கீலின் பதில் இன்னும் வரவில்லை. அந்தக் கடைசி வரி அப்படியே இருக்கிறது. "தேவையைப் பொறுத்து" என்பதற்குப் பதிலாக "உத்தரவு கிடைத்த உடன் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று போடலாம் என நானே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை முதலாளி திருப்பூரிலிருந்து வந்ததும் அதைக் காட்டிப் பேசுகிறேன்.