செருப்புக்கு மேலே

சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் வார்த்தைகளின் பூர்வீகம் பேசக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு தடையுத்தரவு அமலில் இருக்கிறது. போட்டது மனைவி.

மைத்துனியின் புது மூக்குக்கண்ணாடியைப் பார்த்து யாரோ "நைஸ்" என்றார்கள். 1300 வாக்கில் இந்த வார்த்தை இங்கிலீஷுக்குள் வந்தபோது அதற்கு 'மண்டு' என்று அர்த்தம் என்றேன். லத்தீனில் 'நெஸ்கியுஸ்', ஒன்றும் அறியாதவன். மண்டு, அசடு, கூச்சம், நாசூக்கு என்று படிப்படியாகப் பதவி உயர்வு வாங்கி இன்றைய நல்ல பெயருக்கு வந்து சேர 400 வருஷத்துக்கு மேல் பிடித்தது. இதில் வேடிக்கை, சயன்ஸும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். அறிந்தால் சயன்ஸ், அறியாவிட்டால் நைஸ். மைத்துனி ரசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அவள் மகன் அப்போதுதான் ஜிம்முக்குப் போக ஆரம்பித்திருந்தான். "பெரியப்பா, இதுக்கு ஏதாவது கதை இருக்கா?" என்று கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். இருக்கிறதே! மஸில் என்பது லத்தீன் 'மூஸ்குலுஸ்', அதாவது சுண்டெலி. "எங்கே, இன்னொரு தடவை மடக்கு" என்றேன். மடக்கினான், தோலுக்கடியில் அது மேலே ஏறியது. நீட்டினான், இறங்கி ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாண்டு "ஐ, எலி!" என்று கத்தினான். அன்று முதல் பையனுக்குக் குடும்பத்தில் அதுதான் பெயர். தடையுத்தரவும் அன்றைக்கே வந்துவிட்டது.

வீட்டில் தடை என்றால் ஆபீஸ் இருக்கிறது. மீட்டிங்கில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து யாருடைய வயிறாவது கடமுடவென்று உருளும். அதற்கு 'பார்பரிக்மஸ்' என்று பெயர். கிரேக்கர்கள் அந்தச் சத்தத்தையே அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள். இது தெரிந்த நாளிலிருந்து மதியத்துக்கு முந்தைய மீட்டிங்குகளில் சிரிப்பை அடக்குவது எனக்குத் தனி வேலை.

ஆனால் என் சேமிப்பிலேயே கைராசியான வார்த்தை 'அல்ட்ராகிரெப்பிடேரியன்'. அலெக்சாண்டர் காலத்து ஓவியர் அப்பெல்லெஸ், தன் படத்தைப் பொதுவில் வைத்துவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டு ஜனங்கள் பேசுவதைக் கேட்பாராம். செருப்புத் தைக்கிறவர் ஒருவர், படத்தில் இருக்கும் செருப்பில் ஒரு குறை சொன்னார். ஓவியர் மறுபேச்சில்லாமல் திருத்தினார். மறுநாள் அதே ஆள், அந்தத் தெம்பில், காலும் சரியில்லை என்றார். வந்ததே கோபம்! "செருப்போடு நிறுத்திக்கொள், மேலே போகாதே" என்றார் அப்பெல்லெஸ். இது ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த கதை. லத்தீனில் 'கிரெப்பிடா' என்றால் செருப்பு. அதைத் தாண்டிப் போய், தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்தான் அல்ட்ராகிரெப்பிடேரியன்.

1819இல் இங்கிலீஷ் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் தன்னைக் குதறிவந்த பத்திரிகை ஆசிரியர் வில்லியம் கிஃபோர்டைத் திட்ட இந்த வார்த்தையை அச்சில் ஏற்றினார். கிஃபோர்டு சின்ன வயதில் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு விடப்பட்டவர். தொழிலைக் குத்திக்காட்டியது அநியாயம்தான், ஆனாலும் குறி பார்த்து அடித்த அடி.

எங்கள் ஆபீஸில் சீனியர் ஒருவர். லிஃப்ட் ஏன் நிற்கிறது, கண் ஆபரேஷனை எப்படிச் செய்திருக்க வேண்டும், ராக்கெட்டில் எங்கே கோளாறு, எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை உண்டு. ஒருநாள் தாங்க முடியாமல், "சார், நீங்க பெரிய அல்ட்ராகிரெப்பிடேரியன்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல வார்த்தையா?"

"200 வருஷப் பழசு சார். லத்தீன் வம்சம்."

ஸ்பெல்லிங் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டார். அகராதியில் தேடிப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயமே இல்லை. அந்தப் பழக்கம் இருக்கிறவருக்கு இந்தப் பட்டம் தேவைப்பட்டிருக்காது.

ரெண்டு நாள் கழித்து அவரே என் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வார்த்தை லத்தீன் இல்ல, ஃபிரெஞ்சு. கேட்டாலே தெரியுதே" என்றார்.