வாளியும் கம்பும்: ஒரு பிப்ரவரிக் குறிப்பேடு

ஜனவரி 30, வெள்ளி

குளிர்காலத்தின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் யாரும் முனகுவதில்லை. முதல் பனி விழும்போது எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுகிறோம். தொல்லை எல்லாம் கடைசியில்தான். பனி பழசாகி, அழுக்கேறி, பாதையோரத்தில் கல்லாகிக் கிடக்கும். கையுறைகளில் ஒன்றுக்காவது ஜோடி இருக்காது. பன்னிரண்டு வயது மகனும் ஒன்பது வயது மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, யார் கால் யார் பக்கம் வந்தது என்று சண்டை போடுவார்கள்.

இந்த ஆண்டு விடுவதில்லை என்று அட்டவணை போட்டேன். திங்கள் ஓவியம், செவ்வாய் புதிர், புதன் காகித வேலை, இப்படி நான்கு வாரத்துக்கு, நான்கு வண்ணத்தில். ஃபிரிட்ஜில் ஒட்டியதும் மகன் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது வீட்டுப்பாடமா?"

பதில் சொல்லாமல், கணவர் சொன்ன ஒரு யோசனைக்குத் தாவினேன். பனிக்கட்டி விளக்கு. வாளியில் தண்ணீர் நிரப்பி இரவு வெளியே வைத்தால் ஓரமும் மேற்பரப்பும் முதலில் உறையும். நடுவில் தண்ணீர் தங்கிவிடும். காலையில் கவிழ்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கூடு கிடைக்கும். உள்ளே மெழுகுவர்த்தி வைக்கலாம். சாயங்காலமே வாளியை வெளியே வைத்தாயிற்று.

ஜனவரி 31, சனி

அட்டவணைப்படி பலகை விளையாட்டு. இருபது நிமிடம் நன்றாகப் போனது. அப்புறம் பகடை கட்டிலுக்கு அடியில் உருண்டது. விழுந்தது ஐந்தா ஆறா என்று பார்க்க இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள், தலையும் தலையும் மோதிக்கொண்டன. இன்றைக்கு இவ்வளவுதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

வாளியை மறந்தேபோனோம். இரண்டு இரவு வெளியே கிடந்து, அடிவரை ஒரே கட்டியாக உறைந்து, பிளாஸ்டிக் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை விரிந்துவிட்டது. தண்ணீர் உறையும்போது கொள்ளளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும் என்று பள்ளியில் படித்ததை என் மகன் எனக்குச் சொன்னான். வாளி போகட்டும், அவன் படிக்கிறான் என்று தெரிந்தது.

அந்த உடைந்த வாளியிலிருந்துதான் இன்றைய நல்ல விஷயம் தொடங்கியது. காலையில் வெயில் வந்தது. அத்தை ஜன்னலருகே உட்கார்ந்து, "வெயில் அடிக்குது, ஆனா சூடே இல்லையே, இது என்ன வெயில்?" என்றார். மகள் பிடித்துக்கொண்டாள். டிசம்பர் 21, 22-இலேயே பகல் நீளத் தொடங்கிவிட்டதே, பிறகு ஏன் ஜனவரியும் பிப்ரவரியும் அதைவிடக் குளிர்கின்றன? நல்ல கேள்வி. நிலமும் கடலும் மெதுவாகத்தான் ஆறும், மெதுவாகத்தான் சூடாகும். வரவைவிடச் செலவு அதிகமாக இருக்கும்வரை கையிருப்பு குறைந்துகொண்டேதான் போகும் என்று கணவர் வீட்டுக் கணக்கை வைத்து விளக்கினார். அவருக்கு எல்லாமே வீட்டுக் கணக்குதான்.

"அப்போ சூரியன் மேலே ஏறுதுன்னு எப்படி நம்புறது?" என்றாள்.

அளந்து பார்க்கலாம் என்று முடிவானது. வாளியிலிருந்து பனிக்கட்டியைத் தட்டி எடுத்துவிட்டு, ஈரப் பனியை இறுக அடைத்து, நடுவில் பழைய துடைப்பக் கம்பை நட்டோம். தரையிலிருந்து கம்பின் நுனி சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி மகன் வெட்டிக் கொடுத்தான். அது உறைந்து சிமென்ட் போல ஆனது. வாசல் பாதையில் சமதளமான இடத்தில் வைத்து 12 மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழலை அளந்தோம். நிழல் மிகக் குறுகும் நேரம்தான் உண்மையான நண்பகல். அது கடிகாரத்தின் 12 மணிக்கு வராது என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய அதிர்ச்சி. மிகக் குறுகிய நிழல் 190 சென்டிமீட்டர். கம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அத்தை வெளியே வர மாட்டார், முழங்கால் வலி. ஆனால் நோட்டு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கட்டம் போட்டு, தேதி எழுதி, 190 என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தார்.

பிப்ரவரி 5, வியாழன்

பள்ளி விட்டு வந்த நேரத்தில் காற்றில்லாமல் பனி விழுந்தது. பனித்துகள் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஒரு கறுப்புத் துணியை அட்டையில் ஒட்டி, முதலில் கால் மணி நேரம் வெளியே வைத்துக் குளிர வைத்தோம். துணி சூடாக இருந்தால் துகள் தொட்டவுடன் உருகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றுதான், முறை வைத்துப் பார்த்தோம்.

மகள் முதல் துகளைப் பார்த்து "ஆ!" என்றாள். அந்த மூச்சிலேயே அது போய்விட்டது. அப்புறம் சால்வையால் வாயைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். சுமார் –15 டிகிரி செல்சியஸ் உள்ள மேகத்தில் கிளை கிளையாக நட்சத்திரம் போன்றவை வளரும். –5-ஐ ஒட்டினால் ஊசிகளும் தூண்களும். இன்று கிடைத்ததில் பாதி உடைந்த நட்சத்திரங்கள், மீதி ஊசிகள். எண்ணிப் பார்த்த முழு நட்சத்திரம் ஒவ்வொன்றிலும் ஆறு கைகள்தான். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது ஆறுபக்க அடுக்கில் சேர்வதால் அப்படி. ஏன் ஐந்தோ ஏழோ இல்லை என்று வானியலாளர் கெப்ளரே 1611-இல் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் வில்சன் பென்ட்லியைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருந்த விவசாயி. நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி 1885 ஜனவரியில் ஒற்றைப் பனித்துகளைப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கு மேல் எடுத்தார். "அவங்க வீட்டுல யாரும் திட்டலையா?" என்று மகன் கேட்டான். தெரியவில்லை என்றேன். கதவைத் திறந்து வைத்ததற்காக ஐந்து நிமிடம் முன்புதான் நான் திட்டியிருந்தேன்.

இன்று அட்டவணையில் 'களிமண்' என்று இருந்தது. யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

விளக்கு, இரண்டாம் முயற்சி. இந்தத் தடவை வேறு வாளியில், நேற்று மாலை 6 மணிக்கு வைத்தோம், காலை 8 மணிக்குப் பார்த்தோம். ஓரம் இரண்டு விரல் தடிமன். வாளியின் வெளிப்புறம் கொஞ்சம் வெந்நீர் ஊற்றியதும் வழுக்கிக்கொண்டு வந்தது. தலைகீழாக நிறுத்தினால் அடிப்பக்கம் மேலே வரும். அங்கேதான் கட்டி மெல்லிசு. கரண்டிக் காம்பால் தட்டி ஓட்டை போட்டு, உள்ளே இருந்த தண்ணீரைச் சாய்த்தோம். சின்னப் பாத்திரங்களிலும் வைத்திருந்ததால் மொத்தம் ஐந்து விளக்குகள். ஒன்றில் மகள் காய்ந்த இலைகளைப் போட்டிருந்தாள், அதுதான் அழகு.

இருட்டியதும் வாசலில் வரிசையாக ஏற்றினோம். பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொட்ட வந்தவர், குப்பைப் பையோடு கால் மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போனார். நவம்பருக்குப் பிறகு அவரோடு இவ்வளவு நேரம் பேசியது இன்றுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

174. ஒரே வாரத்தில் 16 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. பிள்ளைகளைவிட அத்தை அதிகம் குதூகலித்தார். "பொய் சொல்லாதே, மறுபடியும் அள" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். மறுபடியும் அளந்தோம். 174.

நேற்று வந்த பக்கத்து வீட்டுக்காரர் இன்று தன் ஆப்பிள் மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். மரம் தூக்கத்தில் இருக்கும் குளிர்கால முடிவுதான் அதற்குச் சரியான காலமாம். வெட்டிய கிளைகளில் சிலவற்றைக் கட்டி மகளிடம் கொடுத்தார். தண்ணீரில் வைத்தால் வீட்டுச் சூட்டில் மொட்டு விரியும். ஆனால் பல வாரக் குளிரைக் கண்ட கிளையாக இருந்தால்தான் விழித்துக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் வெட்டி வைத்தால் அசையாது. ஜாடியில் வைத்தாயிற்று. வெறும் குச்சிகள். விறகு மாதிரி இருக்கிறது என்றார் கணவர்.

பிப்ரவரி 11, புதன்

மகளுக்குச் சளி. மகனுக்குக் கோபம், காரணம் சொல்ல மாட்டான். எனக்குத் தலைவலி. போர்வையால் கூடாரம் கட்டலாமா என்று கேட்டேன். "வேண்டாம்." சரி.

ஃபிரிட்ஜிலிருந்து அட்டவணையைக் கிழித்தேன். பின்பக்கம் வெள்ளைத்தாள்தான், அத்தையிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 14, சனி

மேகமில்லாத இரவு. குளிர்காலத்தில் ஒரு சௌகரியம்: பிள்ளைகள் தூங்கப் போகும் முன்பே நன்றாக இருட்டிவிடும். கோடையில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். ஏழரை மணிக்கு இருக்கிற கம்பளி எல்லாம் போட்டுக்கொண்டு வெளியே போனோம். அத்தையும் வந்தார்! நாற்காலி, இரண்டு போர்வை, வெந்நீர்ப் பை.

மூன்று நட்சத்திரங்கள் நேர்கோட்டில் நிற்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையை முதலில் பிடித்தோம். அங்கிருந்து வழி கேட்டுப் போவது போலத்தான். பட்டைக்கு மேலே சிவப்பாக மின்னுவது திருவாதிரை. கோட்டை மேல் பக்கமாக நீட்டினால் ரோகிணி, இன்னும் நீட்டினால் கொத்தாகக் கார்த்திகை. அத்தைக்கு இருபத்தேழு நட்சத்திரமும் மனப்பாடம், ஆனால் வானத்தில் இதுவரை பார்த்ததில்லையாம். "என் நட்சத்திரம் ரோகிணி. எழுபத்தோரு வருஷமா பேரைச் சொல்லிட்டிருக்கேன், ஆளைப் பார்த்ததில்லை" என்றவர், வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிறம் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று குறை வேறு.

கோட்டைக் கீழ்ப்பக்கம் நீட்டினால் சிரியஸ், இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். தூரம் சுமார் 8.6 ஒளியாண்டு. இன்று கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய் என்று மகளிடம் சொன்னேன். "நான் தவழ்ந்தப்போ கிளம்பினது எது?" என்றான் மகன். அவனுக்கு ஏற்ற நட்சத்திரம் கண்டுபிடிப்பதற்குள் எல்லோருக்கும் மூக்கு மரத்துப்போனது.

பிப்ரவரி 15, ஞாயிறு

159. அத்தை நோட்டில் நேற்றைய தேதியையும் சேர்த்து 'ரோகிணி' என்று எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 21, சனி

இந்தக் குளிர்காலத்தின் மிகச் சிறந்த நாள் இதுதான். செலவு, ஒரு கட்டு கறுப்புக் குப்பைப் பையும் ஒட்டுநாடாவும்.

வெயில் பளீரென்று இருந்தது, வெளியே புதுப் பனி. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்; வெளியே கண் கூசுவது அதனால்தான். மகனின் அறை ஜன்னல் முழுவதையும் கறுப்புப் பைகளால் இரண்டடுக்காக மூடி, கதவிடுக்கில் துண்டு செருகி, நடுவில் ஒரு விரல் அளவு ஓட்டை மட்டும் விட்டோம். கும்மிருட்டு. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. "அவ்வளவுதானா?" என்று மகன் கேட்டு முடிப்பதற்குள் கண் பழகிவிட்டது.

எதிர்ச் சுவரில் தெரு தெரிந்தது. தலைகீழாக, வண்ணத்தோடு! வானம் தரையில், பனி விட்டத்தில், ஆப்பிள் மரம் தொங்கிக்கொண்டு. ஒரு கார் கூரையோரமாக ஓசையில்லாமல் ஊர்ந்து போனது. ஒளி நேர்கோட்டில் போவதால், உயரத்திலிருந்து வருவது ஓட்டை வழியாகக் கீழேதான் இறங்க முடியும். அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை ஆராய்ந்து எழுதினார். எங்கள் வீட்டில் அதெல்லாம் பிறகுதான். முதலில் கணவரை வெளியே அனுப்பி ஆடச் சொன்னார்கள். அவர் விட்டத்தில் கால் பதித்து ஆடினார். அத்தை சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஓட்டையை அட்டையால் சிறிதாக்கினால் படம் கூர்மையாகிறது, ஆனால் மங்குகிறது. பெரிதாக்கினால் வெளிச்சம், ஆனால் கலங்கல். எது சரி என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். சண்டை இல்லை, விவாதம்.

மாலையில் பைகளை எடுக்கட்டுமா என்றேன். ஒரு வாரம் இருக்கட்டும் என்றான். இருட்டறையில் துணி மடிக்க முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

பிப்ரவரி 22, ஞாயிறு

மேகம். நிழலே இல்லை. அத்தை கட்டத்தில் கேள்விக்குறி போட்டார். அப்புறம் யோசித்து, பென்சிலால் 145 என்று எழுதினார். எப்படி என்றால், "16 குறைஞ்சது, 15 குறைஞ்சது. இப்போ 14 குறையணும், அவ்வளவுதானே?" என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

வாசலில் சொட்டுச் சத்தம். பகல் இப்போது நாளுக்கு மூன்று நிமிடம் போல நீள்கிறது. பள்ளி விட்டு வந்தபிறகும் வெளிச்சம் இருக்கிறது. கம்பு நட்ட வாளியைக் கொட்டகையின் நிழல் பக்கம் நகர்த்தி வைத்தோம், உருகாமல் இருக்க.

ஜாடியில் இருக்கும் 'விறகில்' ஒரு மொட்டின் நுனி இளஞ்சிவப்பு. மகள் யாரையும் தொட விடவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

131. மகன் கழித்துப் பார்த்தான்: இரண்டு வாரத்தில் 28, அதில் பாதி 14. அத்தையின் 145 சரியாக நடுவில் நிற்கிறது. அத்தை பென்சில் எழுத்தின்மேல் பேனாவால் எழுதிக்கொண்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆப்பிள் பூ மூன்று விரிந்திருக்கின்றன. வெளியே மரம் இன்னும் மொட்டை.

மார்ச் 8, ஞாயிறு

நான்கு நாளாக வெதுவெதுப்பு. காலையில் போய்ப் பார்த்தால் வாளிக்குள் இருந்ததெல்லாம் அந்த விரிசல் வழியாகவே ஓடிப்போயிருந்தது. கம்பு கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. தரை இப்போது இளகிவிட்டது, மண்ணிலேயே நடலாம் என்று மகன் குழி தோண்டப் போனான். அரை ஜாண் தோண்டியவன் ஒரு மண்புழுவைக் கண்டு கம்பை மறந்துவிட்டான். தங்கையைக் கூப்பிட்டான். இருவரும் மதியம் முழுக்கத் திரும்பி வரவில்லை.

உள்ளே அத்தை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாக, "அளந்தாச்சா?" என்று மூன்று தரம் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், தேதி எழுதி, எண் வர வேண்டிய கட்டத்தில் 'கம்பு படுத்துவிட்டது' என்று எழுதினார். வழக்கம்போல் அடியில் கோடும் இழுத்தார்.