கரு ஏன் தங்கவில்லை?

ஒன்பதாவது வாரத்து ஸ்கேனின்போது மருத்துவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு திரையை மெல்லத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிரவு முழுவதும் முந்தைய வாரத்தை நாள் நாளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணி நிறைந்த வாளியைத் தூக்கியிருந்தேன், பேருந்தைப் பிடிக்க ஓடியிருந்தேன், ஒரு நாள் கோபத்தில் அழுதிருந்தேன். “கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்” என்று பார்க்க வந்தவர்கள் சொன்னபோது, அந்தக் கணக்கு அவர்களிடமும் இருப்பதாகவே தோன்றியது.

முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 46 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ போகிறது. அதுவும் பெரும்பாலும் கருமுட்டை முதிர்கிறபோதே, கருவுறுவதற்கு முன்பே, நேர்ந்துவிடுகிறது. நான் வாளியைத் தூக்கியதோ அதற்குப் பல வாரங்கள் கழித்து. அன்றாட வேலைகளாலோ அழுகையாலோ கரு கலைவதில்லை என்பதைப் பார்க்க வந்தவர்களுக்கும் யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், தைராய்டுக் கோளாறு, கருப்பையின் நடுவே தடுப்புச்சுவர் ஆகியவையும் காரணமாகலாம். ரத்தம் தேவையின்றி உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி உள்ளவர்களுக்குக் கரு மீண்டும் மீண்டும் கலையக்கூடும். ஆனால் ரத்த உறைவைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் தந்து அவர்களில் பலரைப் பிள்ளை பெறச் செய்ய முடிகிறது. அடுத்தடுத்து இழந்த ஒருத்தியிடம் சாபம், கண்ணேறு என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குப் பொறுக்காததற்குக் காரணம் இதுதான்: செய்திருக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை அந்தச் சொல்லோடு நின்றுபோகிறது.

நம்பிக்கைகள் எல்லாம் பழி சுமத்துவதில்லை. ஜப்பானில் பிறக்காமல் போன சிசுவை ‘நீர்க்குழந்தை’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்து, அதற்காகக் கோயிலில் சடங்கு செய்கிறார்கள். ஜிசோ என்னும் காவல் தெய்வத்தின் சிறு கற்சிலைகளுக்கு, குழந்தைகளுக்குக் கட்டுவதுபோலக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறார்கள். இழந்தவள் கையால் செய்வதற்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டேன்.

நம் பேச்சில் ‘கரு தங்கவில்லை’ என்கிறோம். தங்கவைக்க வேண்டியவள் தவறிவிட்டாள் என்ற குறிப்பு அதிலேயே இருக்கிறது. மருத்துவர் என்னிடம் “வளர்ச்சி நின்றுவிட்டது” என்றுதான் சொன்னார். இப்போது யாரேனும் கேட்டால், நானும் அந்தச் சொற்களையே சொல்கிறேன்.